பிள்ளையைக் கேட்கும் முன் பெட்டியைச் சோதியுங்கள்

சென்ற வாரம் காலை நடைக்குப் போனபோது, வழக்கமாக என்னோடு சூலக்கரை மேட்டுப் பக்கம் நடக்கும் நண்பர் அன்று பேசாமலே வந்தார். அவரும் என்னைப் போலப் பென்ஷன்காரர்தான். கடைசியில் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்த பிறகு மெதுவாகச் சொன்னார்.

"சார், பேரன் கம்ப்யூட்டர்ல கண்டதையும் பாக்கான் போல. நான் தொறந்தாலே அசிங்க அசிங்கமா படம் வருது. இன்னைக்கு ஸ்கூல் விட்டு வரட்டும், ரெண்டு சாத்து சாத்திட்டுத்தான் மறுவேலை."

எனக்கு டீ இறங்கவில்லை. "இன்னைக்கு ஒரு நாள் பொறுங்க சார். சாயங்காலம் நான் வீட்டுக்கு வாரேன். அதுவரைக்கும் அவன்கிட்ட ஒண்ணும் கேக்காதீங்க" என்று கையைப் பிடித்துச் சொல்லிவிட்டு வந்தேன். ஏன் அப்படிப் பதறினேன் என்பதற்கு இருபது வருடக் கதை இருக்கிறது. என் வீட்டுக் கதையோடு, கம்ப்யூட்டருக்குள் ஒளிந்து வேவு பார்க்கும் ஸ்பைவேர் என்ற ஒற்றனின் கதையும், அவனைப் பிடிக்கக் காசு வாங்காமல் வந்த காவல்காரர்களின் கதையும் அதில் சேர்ந்திருக்கிறது.

2005 மே மாதம்

2004ஆம் ஆண்டு கடைசியில், மதுரையில் சொல்லிச் செய்து ஒரு கம்ப்யூட்டர் வாங்கினேன். விண்டோஸ் எக்ஸ்பி போட்டிருந்தது. டெலிபோன் வயரைச் சொருகினால் மோடம் கீச்சு கீச்சென்று கத்திவிட்டு இன்டர்நெட் வரும். அது வந்துவிட்டால் வீட்டுக்குப் போன் வராது. அந்தக் காலத்தை மறந்திருக்க மாட்டீர்கள்.

அடுத்த மே மாதப் பரீட்சை லீவுக்கு, சிவகாசியிலிருந்து என் தங்கை மகன் வந்திருந்தான். எட்டாம் வகுப்பு முடித்திருந்தான். பகல் முழுவதும் கம்ப்யூட்டரில் கார் ஓட்டுவான். ஒரு நாள் மாலை, வீட்டுக்கு வந்த உறவினர் ஒருவருக்குப் படம் காட்டுவதற்காக நான் இன்டர்நெட்டைத் திறந்தேன். நான் கேட்ட பக்கம் வரவில்லை. சொல்லக்கூசும் படங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து விழுந்தன. ஒன்றை மூடினால் இரண்டு திறந்தது. கடைசியில் மெயின் சுவிட்சை அணைத்தேன்.

உறவினர் போன பிறகு பையனைக் கூப்பிட்டேன்.

"நான் ஒண்ணும் செய்யல மாமா. நான் கார் கேம் மட்டுந்தான் மாமா ஆடுனேன்."

"பொய் சொல்லாத. இந்த வீட்ல உன்னையத் தவிர வேற யாரு இதத் தொடுதா?"

அடித்தேன். அதுவரை நான் அவனை அடித்ததில்லை. என் மனைவி குறுக்கே வந்து, "விடுங்க, அவன் முகத்தைப் பாத்தா பொய் சொல்லுத மாதிரித் தெரியல" என்றாள். நான் கேட்கவில்லை. மறுநாள் தங்கை வந்து கூட்டிப் போனாள். பஸ் ஏறும்போது பையன் திரும்பிப் பார்க்கவில்லை. அவனுடைய பை மட்டும் ஜன்னலில் தெரிந்தது.

ஒரு வாரம் கழித்து நான் மட்டும் வீட்டில் இருக்கும்போது கம்ப்யூட்டரைப் போட்டேன். அதே படங்கள். தொடுவதற்கு இப்போது பையன் இல்லையே!

விருதுநகர் பஜாரில் கம்ப்யூட்டர் ரிப்பேர் செய்யும் ஒரு தம்பியை அழைத்து வந்தேன். அவர் சட்டைப் பையிலிருந்து ஒரு சிடியை எடுத்தார். "இது வைரஸ் மாதிரி இல்ல சார், ஸ்பைவேர். இதுக்கு ஓசியிலயே மருந்து இருக்கு" என்று சொல்லி, ஸ்பைபாட், ஆட்-அவேர் என்று இரண்டு மென்பொருள்களைப் போட்டார். ஒரு மணி நேரத்துக்கு மேல் தேடியது. பிறகு திரை நிறையச் சிவப்பு எழுத்தில் வரிசையாகப் பெயர்கள். எப்போது வந்தது என்று தேதியையும் தோண்டி எடுத்தார். பிப்ரவரி மாதம். பையன் லீவுக்கு வருவதற்கு மூன்று மாதம் முன்னால்.

பிப்ரவரியில் என்ன செய்தோம் என்று யோசித்தேன். உடனே நினைவு வந்துவிட்டது. அருவி கொட்டுவது போல ஒரு ஸ்கிரீன்சேவர் இலவசமாகக் கிடைக்கிறது என்று நான்தான் டவுன்லோடு செய்தேன். வந்த கேள்விகளுக்கெல்லாம் படிக்காமல் "யெஸ், யெஸ்" என்று அமுக்கினேன். அருவியோடு கூட அதுவும் வந்திருக்கிறது. கதவைத் திறந்துவிட்டவன் நான். அடி வாங்கியவன் அவன்.

ஒற்றன் எங்கிருந்து வந்தான்?

அன்றிலிருந்து இந்த விஷயத்தைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படிக்க ஆரம்பித்தேன். குற்ற உணர்ச்சி ஒரு நல்ல வாத்தியார்.

வைரஸ் என்பது ஸ்பைவேருக்கு மூத்தது. ஐபிஎம் பர்சனல் கம்ப்யூட்டரில் பரவிய முதல் வைரஸ் 1986இல் நம் பக்கத்து நாட்டில், லாகூரில் பிறந்தது. பாசித் ஃபாரூக் ஆல்வி, அம்ஜத் ஃபாரூக் ஆல்வி என்ற அண்ணன் தம்பி அங்கே கம்ப்யூட்டர் கடை வைத்திருந்தார்கள். தாங்கள் எழுதிய மருத்துவ மென்பொருளைப் பிறர் திருட்டுத்தனமாக நகல் எடுப்பதைக் கண்டுபிடிக்க 'பிரெய்ன்' என்ற அந்த நிரலை எழுதினார்கள். அதற்குள் தங்கள் கடை முகவரியையும் போன் நம்பரையும் கூட எழுதி வைத்தார்கள். கடைக்காரர் பில்லில் முத்திரை குத்துவது போலத்தான்! ஃப்ளாப்பி வழியாக அது உலகம் முழுக்கச் சுற்றியது.

பின்னால் வந்த ஸ்பைவேர் முகவரி தருகிற ஆள் அல்ல. வைரஸ் கெடுக்கும், சத்தம் போடும். ஸ்பைவேர் சத்தம் போடாமல் உட்கார்ந்து, நாம் எந்தப் பக்கம் பார்க்கிறோம், எதைத் தட்டுகிறோம் என்று குறித்து யாருக்கோ அனுப்பும். அதன் சித்தப்பா மகன் ஆட்வேர், கேட்காத விளம்பரத்தை நம் முகத்தில் ஒட்டும். இரண்டும் பெரும்பாலும் ஜோடியாகவே வரும்.

இதன் பின்னால் இருந்தது வியாபாரம். 1990களின் கடைசியில் சின்னச் சின்ன மென்பொருள்களை இலவசமாகக் கொடுத்தவர்களுக்கு வருமானம் வேண்டியிருந்தது. விளம்பரக் கம்பெனிகள், "உன் பொருளோடு எங்கள் பொருளையும் சேர்த்து அனுப்பு, ஒவ்வொரு கம்ப்யூட்டருக்கும் இவ்வளவு தருகிறோம்" என்றன. பாட்டு டவுன்லோடு செய்யும் கஸா, திரையில் குதித்துப் பேசும் ஊதா நிறக் குரங்கு பான்ஸி படி, பாஸ்வேர்டை நினைவில் வைத்துக்கொள்ளும் கேட்டர் என்று பலதும் அந்த வழியில் வந்தவை. பான்ஸி கம்பெனி, பெற்றோரைக் கேட்காமல் குழந்தைகளின் விவரத்தைச் சேகரித்த வழக்கில் 2004இல் அமெரிக்க அரசுக்கு 75,000 டாலர் அபராதம் கட்டியது.

2003இல் 'கூல்வெப்செர்ச்' என்று ஒன்று கிளம்பியது. இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரில் இருந்த ஓட்டைகள் வழியாக நுழைந்து, முதல் பக்கத்தை மாற்றி, நாம் ஓர் இடத்துக்குப் போகச் சொன்னால் வேறோர் இடத்துக்குத் தள்ளிவிடும். அந்த வேறோர் இடம் பெரும்பாலும் ஆபாசப் பக்கங்கள். என் வீட்டில் வந்தது இந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததுதான்.

எக்ஸ்பியில் இன்னொரு பலவீனம். வீட்டில் கம்ப்யூட்டர் வாங்கியவுடன் நாம் எந்தப் பெயரில் நுழைகிறோமோ, அந்தப் பெயருக்கு நிர்வாகி என்ற முழு அதிகாரமும் இருந்தது. நாம் உள்ளே விட்ட எதற்கும் அதே அதிகாரம் கிடைத்துவிடும். கடையில் வேலைக்கு வந்த முதல் நாளே பையனிடம் கல்லாச் சாவி, கிட்டங்கிச் சாவி எல்லாவற்றையும் கொத்தாகக் கொடுத்தது போல. அமெரிக்காவில் 2004இல் வீடு வீடாகப் போய்ச் சோதித்தபோது, நூற்றுக்கு எண்பது வீட்டுக் கம்ப்யூட்டர்களில் ஏதோ ஒரு ஸ்பைவேர் இருந்ததாம். அங்கேயே அப்படி என்றால், சூலக்கரையில் நான் எம்மாத்திரம்?

ஒரு டீச்சரின் கதை

என் அவசர புத்தியை நினைத்து நொந்துகொண்டிருந்த காலத்தில், பத்திரிகையில் ஓர் அமெரிக்க வழக்கைப் படித்தேன். கனெக்டிகட் மாநிலத்தில் நார்விச் என்ற ஊர். ஜூலி அமெரோ என்பவர் அங்கே லீவு போட்ட ஆசிரியருக்குப் பதிலாக வகுப்பெடுக்கப் போனவர். 2004 அக்டோபரில், ஏழாம் வகுப்பில் இருந்த கம்ப்யூட்டரில் ஆபாசப் படங்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் திறந்தன. மூட மூடத் திறந்தன. பிள்ளைகள் பார்த்துவிட்டார்கள். அந்த அம்மாள்தான் பார்த்தார் என்று வழக்குப் போட்டு, 2007 ஜனவரியில் குற்றவாளி என்று தீர்ப்பு வந்தது. 40 வருடம் வரை சிறை கிடைக்கலாம் என்ற நிலை.

அது விண்டோஸ் 98 போட்ட பழைய கம்ப்யூட்டர். ஸ்பைவேரைப் பிடிக்கும் மென்பொருள் எதுவும் அதில் இல்லை. செய்தியைப் படித்த கம்ப்யூட்டர் நிபுணர்கள் சிலர் தாங்களாகவே முன்வந்து, பைசா வாங்காமல், அந்த ஹார்டு டிஸ்கின் நகலை ஆராய்ந்து, இது ஸ்பைவேரின் வேலை என்று சொன்னார்கள். 2007 ஜூனில் நீதிபதி அந்தத் தீர்ப்பை நீக்கி மறு விசாரணைக்கு உத்தரவிட்டார். ஆனாலும் 2008 நவம்பரில் வழக்கு முடியும்போது, ஒரு சின்னக் குற்றத்தை ஒப்புக்கொண்டு, 100 டாலர் கட்டி, ஆசிரியர் உரிமத்தையும் அவர் ஒப்படைக்க வேண்டியிருந்தது. வாத்தியார் வேலை போனது போனதுதான்.

அதைப் படித்த அன்று இரவு தூக்கம் வரவில்லை. அந்தக் கோர்ட்டாவது நிபுணரைக் கேட்டுத் தீர்ப்பை மாற்றியது. என் வீட்டுக் கோர்ட்டில் சாட்சியும் இல்லை, அப்பீலும் இல்லை.

காசு வாங்காத காவல்காரர்கள்

இனி நல்லவர்களைச் சொல்ல வேண்டும்.

2000ஆம் ஆண்டு, ஸ்டீவ் கிப்சன் என்ற கலிபோர்னியாக்காரர் தன்னுடைய கம்ப்யூட்டரில் தனக்குத் தெரியாமல் ஒரு விளம்பர நிரல் உட்கார்ந்திருப்பதைக் கண்டார். அதை நீக்க 'ஆப்ட்-அவுட்' என்று ஒன்றை எழுதி எல்லோருக்கும் இலவசமாகக் கொடுத்தார். லாவாசாஃப்ட் கம்பெனியின் ஆட்-அவேர் அதற்குச் சற்று முன்னதாக, 1999இல் வந்தது. வீட்டு உபயோகத்துக்கு அதுவும் இலவசம்.

என் வீட்டைச் சுத்தம் செய்த ஸ்பைபாட்டை 2000இல் எழுதியவர் பேட்ரிக் கோலா என்ற ஜெர்மானியர். லைசென்ஸ் என்ற பெயரில் வரும் நீளமான கடுதாசியை யாரும் படிப்பதில்லை. பட்டுத் தெளிந்த பிறகு நான் படித்தேன். காதலித்த பெண்ணுக்கு இதைக் காணிக்கை ஆக்குவதாகவும், அதனாலேயே இலவசம் என்றும் எழுதியிருந்தார். பிடித்திருந்தால் உங்கள் சாமியிடம் எங்களுக்காக வேண்டிக்கொள்ளுங்கள் என்றும் இருந்தது. முகம் தெரியாத அந்தப் பையனுக்காக ஒரு வெள்ளிக்கிழமை என் மனைவி பராசக்தி மாரியம்மன் கோயிலில் நெய்விளக்குப் போட்டாள்.

ஹாலந்தில் மெரைன் பெல்லகோம் என்ற மாணவர், கூல்வெப்செர்ச்சை வேரோடு பிடுங்க 'சிடபிள்யூ ஷ்ரெடர்' என்று ஒரு கருவியையும், கம்ப்யூட்டரில் எது எது தானாக ஓடுகிறது என்று பட்டியல் போட 'ஹைஜாக்திஸ்' என்ற கருவியையும் எழுதி, இலவசமாகவே கொடுத்தார். பெரிய கம்பெனிகள் விழிப்பதற்கு முன்னால் இப்படித் தனி மனிதர்கள்தான் காவல் நின்றார்கள்.

2004 டிசம்பரில் மைக்ரோசாஃப்ட், 'ஜெயண்ட்' என்ற சின்னக் கம்பெனியை விலைக்கு வாங்கி, அதன் ஸ்பைவேர் எதிர்ப்பு மென்பொருளை அடுத்த மாதமே தன் பெயரில் இலவசமாக வெளியிட்டது. அதுவே பிறகு விண்டோஸ் டிஃபெண்டர் என்று பெயர் மாறியது. 2009இல் 'செக்யூரிட்டி எசென்ஷியல்ஸ்' என்ற முழு ஆன்டிவைரஸும் இலவசமாக வந்தது. 2012இல் வந்த விண்டோஸ் 8 முதல் இந்தக் காவல் விண்டோசுக்குள்ளேயே வருகிறது. இன்று கடையில் வாங்கும் எந்த விண்டோஸ் மடிக்கணினியிலும் தனியாகக் காசு கொடுக்காமலே ஒரு காவல்காரர் வாசலில் இருக்கிறார். பலருக்கு அது தெரியவே தெரியாது.

நம் ஊர்ப் பங்கும் உண்டு. சென்னையில் ஜெ. கேசவர்தனன் 1991இல் கே7 கம்ப்யூட்டிங் நிறுவனத்தைத் தொடங்கினார். அவருடைய ஆன்டிவைரஸ் ஜப்பான் வரை போய் விற்றது. எல்காட் நிறுவனத்தில் சி. உமாசங்கர் ஐ.ஏ.எஸ். நிர்வாக இயக்குநராக இருந்தபோது, 2006-07 வாக்கில் அங்கே விண்டோசுக்குப் பதிலாக லினக்ஸைக் கொண்டு வந்தார். விண்டோசுக்கு எழுதிய வைரஸ் லினக்ஸில் ஓடாது. சாதாரணப் பயனருக்கு நிர்வாக அதிகாரமும் அதில் தானாகக் கிடைக்காது. 2007இல் சென்னை சி-டாக்கும் அதன் கூட்டாளிகளும் 'பாஸ்' என்ற இந்திய லினக்ஸை வெளியிட்டார்கள். தமிழிலும் வேலை செய்யும். 2011இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் மாணவர்களுக்குக் கொடுத்த பெட்டிகளில் விண்டோசோடு இந்தப் பாஸையும் போட்டுக் கொடுத்தார்கள். எத்தனை வீட்டில் அதைத் திறந்து பார்த்தார்கள் என்று கேட்காதீர்கள்.

லினக்ஸின் இன்னொரு வகை உபுண்டு. அந்த நாளில் கேட்டவர்களுக்கெல்லாம் தபாலிலேயே சிடி அனுப்பினார்கள், தபால் செலவும் அவர்களுடையது. எனக்கும் ஒன்று வந்தது. வெளிநாட்டு ஸ்டாம்பு ஒட்டிய கவரைப் பார்த்துத் தபால்காரர், "சார், யாரு அமெரிக்காவுல?" என்று கேட்டார்.

மத்திய அரசில் கணினிப் பாதுகாப்பைக் கவனிக்கும் செர்ட்-இன் அமைப்பு 2004 ஜனவரி முதல் இயங்குகிறது. அதன் கீழ் 2017 பிப்ரவரி 21 அன்று 'சைபர் ஸ்வச்தா கேந்திரா' தொடங்கப்பட்டது. நம் கம்ப்யூட்டரில் ஒளிந்திருப்பதைச் சுத்தம் செய்யும் கருவிகளை அங்கே இலவசமாகத் தருகிறார்கள். அவற்றைக் கொடுக்கும் கம்பெனிகளில் நம் கே7உம் ஒன்று. கண்ட பென்டிரைவைச் சொருகுவதைத் தடுக்கும் 'யூஎஸ்பி பிரதிரோத்', செல்போனுக்கான 'எம்-கவச்' ஆகியவை சி-டாக் செய்தவை.

கூடங்குளம்

சிவகாசியில் சமாதானம் ஆன கதையைச் சொல்லவில்லையே. 2005இலேயே காராச்சேவு வாங்கிக்கொண்டு தங்கை வீட்டுக்குப் போனேன். மச்சானிடம், "அது ஏதோ ஸ்பைவேராம் மாப்பிள்ளை, பையன் மேல தப்பில்ல" என்று போகிற போக்கில் சொன்னேன். பையனிடம் நேராகச் சொல்ல வாய் வரவில்லை. பெரியவன் சின்னவனிடம் மன்னிப்புக் கேட்பதா என்ற வீம்பு. அவன் என் வீட்டுக்கு வருவான், சாப்பிடுவான், போவான். கம்ப்யூட்டர் இருக்கும் அறைக்குள் மட்டும் கால் வைக்க மாட்டான்.

2019 தீபாவளி முடிந்த வாரம். அவன் அதற்குள் சிவகாசியில் ஓர் அச்சகத்தில் டிசைனராகி, கல்யாணமும் முடித்திருந்தான். மனைவியோடு வந்திருந்தான். டிவியில் கூடங்குளம் அணுமின் நிலையத்தில் கம்ப்யூட்டர் ஊடுருவல் என்று செய்தி ஓடியது. அக்டோபர் 29 அன்று நிலையத்தின் தரப்பில் மறுத்தார்கள். 30ஆம் தேதி அணுமின் கழகமே அறிக்கை கொடுத்து, தங்கள் கணினி ஒன்றில் தீநிரல் கண்டுபிடிக்கப்பட்டது உண்மைதான் என்றது. செர்ட்-இன் செப்டம்பர் 4 அன்றே அதைத் தெரிவித்திருந்தது. நிர்வாக வேலைக்காக இன்டர்நெட் இணைப்பில் இருந்த ஒருவருடைய கம்ப்யூட்டர் அது. உலையை இயக்கும் உள் வலைப்பின்னலோடு அதற்குத் தொடர்பே இல்லை என்றும் அறிக்கை சொன்னது.

அந்த ஒற்றனின் பெயர் டிட்ராக். விசையைத் தட்டுவதைப் பதிவு செய்யும். எந்தெந்தப் பக்கம் பார்த்தோம் என்று எடுக்கும். டிஸ்கில் என்னென்ன கோப்பு இருக்கிறது என்று பட்டியல் போடும். அதற்கு ஒரு மாதம் முன்புதான் காஸ்பர்ஸ்கி நிறுவனம் இதைப் பற்றி எழுதி, லாசரஸ் என்ற கும்பலின் கைவரிசை என்று சொல்லியிருந்தது.

மருமகன் எனக்கு விளக்கினான். "நம்ம பட்டாசு ஆலை மாதிரிதான் மாமா. மருந்து கலக்குற ரூமையும் மத்த ரூமையும் தள்ளித் தள்ளித்தான கட்டுதோம்? ஒரு ரூம்ல நாலு பேருக்கு மேல இருக்கக் கூடாதுன்னு வச்சிருக்கோம். ஒண்ணுல தீப்பிடிச்சாலும் அடுத்ததுக்குத் தாவக் கூடாது. அங்கயும் ஆபீஸ் கம்ப்யூட்டரையும் உலையையும் தனித்தனியா வச்சிருக்காங்க. அதான் தப்பிச்சது."

அப்போதுதான் எனக்குத் தைரியம் வந்தது. "ஏல, அன்னைக்கு நான் உன்னைய அடிச்சது தப்பு. அந்தச் சனியனை டவுன்லோடு செஞ்சதே நான்தான்" என்றேன்.

கொஞ்ச நேரம் டிவியையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு, "அணு உலை ஆபீசுக்கே வருது. நம்ம வீட்டுக்கு வந்ததுல என்ன மாமா" என்றான். காபி குடித்துவிட்டு எழுந்து உள் அறைக்குப் போனான். பதினாலு வருடத்துக்குப் பிறகு என் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, "இதென்ன மாமா, அப்டேட்டே போடாம வச்சிருக்கீங்க?" என்று கேட்டான்.

அன்று அவன் செய்து கொடுத்த ஏற்பாடு

நம் வயதுக்காரர்களுக்கு இது போதும் என்று அவன் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். ஒன்றுக்கும் காசு கிடையாது.

முதலாவது, அப்டேட். கம்ப்யூட்டர் கேட்கும்போது தள்ளிப்போடக் கூடாது. ஓட்டை அடைபடுவது அதில்தான். காலாவதியான விண்டோசுக்கு அது வராது. எக்ஸ்பிக்கு 2014 ஏப்ரலிலும், விண்டோஸ் 7க்கு 2020 ஜனவரியிலும் நிறுத்திவிட்டார்கள். பெட்டி பழையது, புது விண்டோஸ் ஏறாது என்றால் லினக்ஸ் போட்டுக்கொள்ளலாம்.

இரண்டாவது, விண்டோஸ் செக்யூரிட்டியைத் திறந்து, எல்லாம் பச்சைக் குறியில் இருக்கிறதா என்று மாதம் ஒரு முறை பார்த்து, முழு ஸ்கேன் ஓட விடுவது. சந்தேகம் வந்தால் மால்வேர்பைட்ஸ் இலவசப் பதிப்பையோ, சைபர் ஸ்வச்தா கேந்திராவின் கருவியையோ கொண்டு இரண்டாவது டாக்டரிடம் காட்டுவது போல ஒரு முறை சோதிப்பது. ஆனால் எந்நேரமும் காவல் காக்கும் ஆன்டிவைரஸ் ஒன்று மட்டும்தான் இருக்க வேண்டும். இரண்டு வைத்தால் ஒன்றோடொன்று சண்டை போட்டுப் பெட்டி ஊர்ந்துவிடும்.

மூன்றாவது, தினமும் நுழைவதற்கு நிர்வாகி அதிகாரம் இல்லாத தனிக் கணக்கு. பிள்ளைகளுக்கு இன்னொரு கணக்கு. இதுதான் பட்டாசு ஆலையில் அறைக்கு அறை விடும் இடைவெளி.

நான்காவது, "உங்கள் கம்ப்யூட்டரில் வைரஸ் இருக்கிறது, இந்த நம்பருக்குப் போன் செய்யுங்கள்" என்று திரையில் வந்தால் அதை நம்பவே கூடாது. ஸ்பைவேரைப் பிடிப்பதாகச் சொல்லி உள்ளே நுழையும் போலி மருந்துகள் 2005லிருந்தே உண்டு. ஓசி ஒற்றனும் ஓசி காவல்காரனும் ஒரே காக்கிச் சட்டையில் வருவார்கள். எந்த மென்பொருளையும் அதைச் செய்தவருடைய சொந்தத் தளத்தில் மட்டுமே எடுக்க வேண்டும்.

செல்போனும் இன்று ஒரு கம்ப்யூட்டர்தான். கல்யாணப் பத்திரிகை என்று வாட்ஸ்அப்பில் வரும் ஏபிகே கோப்பைத் தொடாதீர்கள். உயிர்வாழ் சான்றிதழ் புதுப்பிக்க வேண்டும் என்று யாராவது போன் செய்து, உங்கள் திரையை அவர்கள் பார்க்கும்படி எனிடெஸ்க் போன்ற ஆப்பைப் போடச் சொன்னால் போனை வைத்துவிடுங்கள். எனிடெஸ்க்கைப் பற்றி ரிசர்வ் வங்கி 2019 பிப்ரவரியிலேயே எச்சரித்திருக்கிறது. பணம் போய்விட்டால் வெட்கப்பட்டு மறைக்காமல் உடனே 1930க்குப் போன் செய்யுங்கள்.

நண்பர் வீட்டில்

அன்று மாலை நண்பர் வீட்டுக்குப் போனேன். பேரன் டியூஷனிலிருந்து வரவில்லை. மடிக்கணினியைத் திறந்தோம். மூலையில் அந்தப் படங்கள் எட்டி எட்டிப் பார்த்தன. முதலில் விண்டோஸ் செக்யூரிட்டியில் ஸ்கேன் ஓட விட்டோம். ஒன்றும் இல்லை என்றது. பிறகு பிரவுசரில் எந்தெந்தத் தளத்துக்கு அறிவிப்பு அனுப்ப அனுமதி கொடுத்திருக்கிறது என்ற பட்டியலைத் திறந்தேன். பெயர் தெரியாத நாலைந்து தளங்கள். 'அலவ்' என்ற பொத்தானை யாரோ அமுக்கியிருக்கிறார்கள். அந்த அனுமதியை நீக்கினோம். படங்கள் நின்றன.

அந்த அனுமதிகள் எல்லாம் நண்பர் நுழையும் பெயரில்தான் இருந்தன. பேரன் நுழையும் பெயர் வேறு.

"சார், பழைய பாட்டு கேக்கப் போனேன். ரோபோ இல்லன்னா இதை அமுக்குன்னு வந்துச்சு" என்றார் நண்பர். அதற்கு மேல் பேசவில்லை. எனக்கும் பேச ஒன்றும் இல்லை. அந்த முகம் எனக்குத் தெரியும். 2005இல் கண்ணாடியில் பார்த்திருக்கிறேன்.

சைக்கிளை நிறுத்தும் சத்தம் கேட்டது. பையன் உள்ளே வந்து, கணினி முன்னால் நாங்கள் இருவரும் உட்கார்ந்திருப்பதைப் பார்த்துத் தயங்கி நின்றான். நண்பர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"வா தம்பி. தாத்தா ஒரு தப்பு பண்ணிட்டேன். சார் அதைச் சரி பண்ணுதாரு. எப்படின்னு நீயும் பாத்துக்கோ" என்று சொல்லித் தன் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டார்.

எனக்குப் பதினாலு வருடம் ஆனது. அவர் அரை மணி நேரத்தில் சொல்லிவிட்டார்.